எந்த அலுவலகம் வெளியிட்டது? நூலகத்தில் அரசு வெளியீடுகள்: ஓர் அறிமுகம்

"கோத்தாரி கமிஷன் அறிக்கை உங்களிடம் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டு ஒரு மாணவி நூலகரான என் மேசைக்கு வருகிறார். கணினிப் பட்டியலில் 'கோத்தாரி' என்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஒன்றும் வரவில்லை. ஆனால் அறிக்கை இருக்கிறது, பத்தடி தள்ளி அலமாரியில்தான் இருக்கிறது. 'கல்வியும் தேசிய வளர்ச்சியும்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. ஆசிரியர் பெயர் வரவேண்டிய இடத்தில் 'கல்வி ஆணையம், 1964-66'. ஆணையத்தின் தலைவராக இருந்தவர் டி.எஸ். கோத்தாரி என்பதால் ஊரெல்லாம் அதை அவர் பெயரால் சொல்கிறது. பட்டியலோ அரசு வைத்த பெயரால் சொல்கிறது. இரண்டும் சந்திக்காததால் அந்த மாணவி வெறுங்கையோடு திரும்பப் பார்த்தார்.

அரசு வெளியீடுகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. மற்ற புத்தகங்களுக்கு 'யார் எழுதியது?' என்று கேட்டால் போதும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த அலுவலகம் வெளியிட்டது, என்ன காரியத்துக்காக? நூலகம் அந்த வெளியீட்டை வாங்குவதும், அடுக்குவதும், நீங்கள் தேடுவதும், படித்துப் புரிந்துகொள்வதும் எல்லாமே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கின்றன.

முதலில், எது அரசு வெளியீடு? அரசின் செலவிலோ, சட்டம் வெளியிடச் சொல்வதாலோ தனி ஆவணமாகப் பொதுவெளிக்கு வரும் தகவல் எல்லாம் அரசு வெளியீடுதான். அமெரிக்கச் சட்டத்தின் வரையறையும் கிட்டத்தட்ட இதேதான். அரசிதழ், சட்டங்கள், விதிகள், அவை நடவடிக்கைக் குறிப்புகள், வரவு செலவுத் திட்டம், தணிக்கை அறிக்கை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, விசாரணை ஆணைய அறிக்கைகள், துறைகளின் ஆண்டறிக்கைகள், நிலவரைபடங்கள், மண் ஆய்வுகள் என்று பட்டியல் நீளும்.

'வறட்டுச் சரக்கு' என்று பலர் இதை ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற தொகுதி வரிசை 1890-இல் தொல்லியல் துறை தொடங்கிய அரசு வெளியீடு. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் அதன் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. மொழியியலாளர் கிரியர்சன் தலைமையில் 1903 முதல் 1928 வரை வெளிவந்த இந்திய மொழியியல் அளவாய்வும் அரசு வெளியீடே. பக்கங்களைப் புரட்டினால் வறட்சி என்ற சொல்லே மறந்துபோகும்.

ஒரு சிறு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்குள் சுற்றிவரும் கோப்பு வெளியீடு ஆகாது. அது ஆவணக் காப்பகத்தின் சொத்து. அந்தக் கோப்புகளின் முடிவாக வெளி ஆட்களுக்கென்று அச்சாகி அல்லது இணையத்தில் ஏறி வருவதுதான் வெளியீடு. தேடி வருபவருக்கு வேண்டியது கோப்பா வெளியீடா என்று தெரிந்தால் போக வேண்டிய இடமும் தெரிந்துவிடும்.

நூலகத்துக்கு இவை எப்படி வந்து சேருகின்றன?

நாவலோ வரலாற்று நூலோ வெளிவந்தால் பதிப்பகம் விளம்பரம் செய்யும், கடைகள் அடுக்கி வைக்கும், விற்றுத் தீர்ந்தால் மறுபதிப்பு வரும். அரசு அறிக்கைக்கு இந்த வசதி எதுவும் பெரும்பாலும் கிடையாது. வெளியிடும் அலுவலகத்துக்கு அதை விற்பது முக்கிய வேலையாக இருப்பதில்லை. அவையில் வைக்க வேண்டும், மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அதனால் குறைந்த படிகளே அச்சாகும். பலவற்றில் விலையும் இருக்காது, சர்வதேசப் புத்தக எண்ணும் இருக்காது. மறுபதிப்பு அரிது. வெளிவந்த சில மாதங்களுக்குள் பிடிக்காவிட்டால் பிறகு எங்கே தேடினாலும் கிடைக்காது என்ற நிலை சாதாரணம். நூலகர் காத்திருக்கக் கூடாத ஒரே வகை நூல்கள் இவைதான் என்பேன்.

சரி, வெளிவந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? அரசு அச்சகங்களும் விற்பனைப் பிரிவுகளும் பட்டியல் வெளியிடுகின்றன. அமெரிக்காவில் 1895-இல் தொடங்கிய மாதாந்திரப் பட்டியல் இதற்குப் பெயர் பெற்றது. ஆனால் பட்டியலில் ஏறாமல் போகும் வெளியீடுகள் எங்கும் உண்டு. அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ கூடும் நாட்களில் 'அவையில் வைக்கப்பட்ட ஏடுகள்' என்று ஒரு பகுதி நடவடிக்கைக் குறிப்பில் வரும். எந்த அமைச்சர், எந்த நிறுவனத்தின் எந்த ஆண்டறிக்கையை, எந்தத் தேதியில் வைத்தார் என்று வரிவரியாக இருக்கும். யாருமே விளம்பரப்படுத்தாத அறிக்கைகூட இந்த இடத்தில் தலைகாட்டிவிடும். கூட்டத்தொடர் நடக்கும்போது அந்தப் பகுதியை ஒழுங்காகப் பார்க்கும் நூலகரிடம் நல்ல தொகுப்பு தானாகச் சேரும்.

பெறும் வழிகளில் பழையதும் பெரியதும் வைப்பு முறை. அரசு தன் வெளியீடுகளைக் குறிப்பிட்ட நூலகங்களுக்கு இலவசமாக அனுப்பும். நூலகம் அவற்றைப் பாதுகாத்து, யார் வந்து கேட்டாலும் கட்டணமில்லாமல் காட்ட வேண்டும். அமெரிக்க வைப்பு முறையின் வேர் 1813-ஆம் ஆண்டு காங்கிரஸ் தீர்மானம் வரை போகிறது. இன்று அதில் சுமார் 1,100 நூலகங்கள் இருக்கின்றன. சில நூலகங்கள் எல்லாவற்றையும் நிரந்தரமாக வைத்திருக்கும், மற்றவை தங்கள் வாசகருக்கு வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுக்கும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், வைப்பாக வந்த நூல் நூலகத்தின் சொத்து ஆவதில்லை. அது அரசின் சொத்தாகவே இருக்கும், நூலகம் காவலாள் மட்டுமே. ஐக்கிய நாடுகள் சபையும் 1946 முதல் உலகெங்கும் நூலகங்களை இப்படி வைப்பு நூலகங்களாக்கியது.

இந்தியாவில் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியீட்டாளர் ஒவ்வொரு நூலின் படியையும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் அனுப்ப வேண்டும். அரசு வெளியீடுகளுக்கும் இது பொருந்தும், 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்ற வகைக்கு மட்டும் விலக்கு. ஆனால் சட்டம் இருப்பது வேறு, பார்சல் வந்து சேர்வது வேறு. எந்த நாட்டிலும் வைப்பு நூலகர் 'வரவேண்டியது வந்ததா' என்று சரிபார்த்து, வராததற்குக் கடிதம் எழுதிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

மற்ற நூலகங்களுக்கு விலைக்கு வாங்குவது ஒரு வழி. அதில் பெரிய தடங்கல் பணம் செலுத்தும் முறைதான். அரசு விற்பனைப் பிரிவு முன்பணம் கேட்கும். நூலகத்தின் தணிக்கை விதியோ, நூல் கைக்கு வந்து பதிவேட்டில் ஏறிய பிறகே பணம் தர வேண்டும் என்று சொல்லும். இந்த இரண்டுக்கும் நடுவில் நூல் கேட்டு அனுப்பிய எத்தனையோ கொள்முதல் ஆணைகள் தொலைந்திருக்கின்றன. நூல் வரும் முன்பே விலையைக் காட்டும் முன்விலைப் பட்டியல் வாங்கி அதன்மேல் அனுமதி பெறுவது, விற்பனைப் பிரிவில் வைப்புக் கணக்கு தொடங்கி அதிலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்வது, ஆண்டுதோறும் வரும் தொடர்களுக்கு, ஒவ்வொரு முறையும் கேட்காமலே அனுப்பும்படி நிலையான ஆணை கொடுத்துவிடுவது ஆகியவை நடைமுறையில் உதவும்.

எனக்குப் பிடித்த வழி கேட்டு வாங்குவது. விலையில்லா வெளியீடுகளுக்கு ஒரு கடிதம் போதும். ஆனால் 'தங்கள் வெளியீடுகள் அனைத்தையும் அனுப்பி உதவவும்' என்று எழுதினால் அது குப்பைக் கூடைக்குத்தான் போகும். தலைப்பு, ஆண்டு, அவையில் வைக்கப்பட்ட தேதி, உங்கள் நூலகத்தில் அதை யார் பயன்படுத்துவார்கள் என்ற ஒரு வரி, இவ்வளவும் இருக்கட்டும். துறைத் தலைவருக்கு எழுதாமல் வெளியீட்டுப் பிரிவைக் கவனிக்கும் அலுவலருக்கே எழுதுங்கள். நூல் வந்ததும் நன்றி சொல்லி ஒரு வரி எழுதினால் அடுத்த ஆண்டு கேட்காமலே வரும். மற்ற நூலகங்களோடு செய்யும் பரிமாற்றம், ஓய்வு பெற்ற அலுவலர்களும் ஆய்வாளர்களும் தரும் நன்கொடை ஆகியவற்றிலும் நல்ல பழைய தொகுதிகள் கிடைப்பதுண்டு.

இப்போது இணையத்துக்கு வருவோம். இந்திய அரசிதழை அச்சடிப்பது 2015 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டு அது மின்னிதழாகிவிட்டது. பல நாடுகளில் பெரும்பாலான வெளியீடுகள் இணையத்தில் மட்டுமே பிறக்கின்றன. 'எல்லாம் நெட்டில் இருக்கிறதே, நூலகம் எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. ஒரு துறையின் இணையதளம் புதுப்பிக்கப்படும்போது பழைய அறிக்கைகள் காணாமல் போகின்றன. ஆட்சி மாறினால் பக்கங்களும் மாறுகின்றன. இதற்காகவே அமெரிக்காவில் 2008 முதல் ஒவ்வொரு அதிபர் பதவிக்கால முடிவிலும் அரசு இணையப் பக்கங்களைச் சேகரித்து வைக்கும் கூட்டு முயற்சி நடக்கிறது.

அதனால் சுட்டியை மட்டும் குறித்து வைத்தால் போதாது. கோப்பைத் தரவிறக்கி, எல்லாப் பக்கங்களும் திறக்கின்றனவா என்று பார்த்து, அலுவலகம், தலைப்பு, ஆண்டு மூன்றும் தெரியும்படி பெயரிட்டு, எடுத்த முகவரியையும் தேதியையும் எழுதி, இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும். 'ரிப்போர்ட்-ஃபைனல்-2' என்ற பெயரில் கிடக்கும் கோப்பு இருந்தும் இல்லாததுதான்.

அலமாரியில் எங்கே?

சில நூலகங்கள் அரசு வெளியீடுகளைப் பொருள்வாரியாக மற்ற நூல்களோடு கலந்து வைக்கும். பெரிய தொகுப்பு உள்ளவை தனிப் பகுதியாக வைத்து, வெளியிட்ட அலுவலகத்தின் வரிசையில் அடுக்கும். இரண்டாவது முறைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்க ஆவணக் கண்காணிப்பாளர் பகுப்பு முறை. அடிலெய்ட் ஹாஸ் என்ற நூலகர் லாஸ் ஏஞ்சலஸ் பொது நூலகத்தில் 1890-களில் உருவாக்கத் தொடங்கிய முறை அது.

அதில் ஓர் எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்: சி 3.134. 'சி' என்றால் வணிகத் துறை. 3 என்பது அந்தத் துறைக்குள் இருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியகம். 134 அந்தப் பணியகம் 2012 பதிப்பு வரை வெளியிட்ட ஒரு தொடர், அமெரிக்கப் புள்ளிவிவரச் சுருக்கம் என்ற ஆண்டு நூல். அதற்கப்புறம் முக்காற்புள்ளி வைத்து ஆண்டு வரும். ஆக, நூலின் பொருள் என்ன என்று இந்த எண் சொல்வதே இல்லை. அது எந்த வீட்டுப் பிள்ளை என்றுதான் சொல்கிறது.

புதியவர்கள் தவறுவது புள்ளியில். பார்த்தால் தசமப் புள்ளி போல இருக்கும், ஆனால் தசமம் இல்லை. புள்ளிக்குப் பின் வருவது முழு எண். அதனால் சி 3.9 முதலில் வரும், சி 3.134 வெகுதூரம் தள்ளி வரும். இது தெரியாமல் பள்ளிக் கணக்குப்படி தேடினால் நூல் 'இல்லை' என்றே தோன்றும்.

அலுவலகத்தை அடிப்படையாகக் கொள்வதில் ஒரு சங்கடம் உண்டு. அலுவலகங்கள் நிலையாக நிற்பதில்லை. அமெரிக்க வானிலைப் பணியகம் 1891 முதல் வேளாண் துறையின் கீழ் இருந்தது, 1940-இல் வணிகத் துறைக்குப் போனது. அதே மழைக் கணக்கு, அதே பணியகம், ஆனால் நூல்கள் 'ஏ' அலமாரியிலிருந்து 'சி' அலமாரிக்குத் தாவிவிட்டன. இந்தியாவின் கல்வி அமைச்சகம் 1985-இல் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஆகி, 2020-இல் மறுபடி கல்வி அமைச்சகம் ஆனது. ஒரே பொருளில் நாற்பது ஆண்டு அறிக்கைகளைத் தேடுபவர் இரண்டு பெயர்களிலும் தேடியாக வேண்டும். நல்ல நூலகப் பட்டியலில் 'முந்தைய பெயரையும் காண்க' என்ற குறிப்பு இருக்கும். மக்கள் வாயில் வழங்கும் பெயரையும் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. அந்தக் கல்வி ஆணையப் பதிவில் 'கோத்தாரி' என்று ஒரு சொல் கூடுதலாக இருந்திருந்தால் அந்த மாணவி என்னைத் தேடி வந்திருக்கவே வேண்டாம்.

பிரிட்டிஷ் அறிக்கைகளுக்கு வேறு திறவுகோல். அரசு நாடாளுமன்றத்தில் வைக்கும் முக்கிய ஆவணங்களுக்குக் கட்டளை எண் உண்டு. எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகள் காலத்துக்கேற்ப மாறின: 1919 முதல் 1956 வரை 'சிஎம்டி', 1956 முதல் 1986 வரை 'சிஎம்என்டி', பிறகு 'சிஎம்', 2019-லிருந்து 'சிபி'. ஒவ்வொரு வரிசையிலும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். 1942-இல் மக்கள் வரிசையில் நின்று வாங்கிய, சமூகக் காப்பீடு பற்றிய பெவரிட்ஜ் அறிக்கை சிஎம்டி 6404. நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டி சிஎம்என்டி 6404 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், ஏறத்தாழ ஒரு தலைமுறை பிந்திய, சம்பந்தமே இல்லாத வேறோர் ஏடு கைக்கு வரும். எழுத்தைப் பார்த்து எழுதுங்கள்.

கைக்கு வந்தபின் எப்படிப் படிப்பது?

அரசிதழை முதல் பக்கத்திலிருந்து படிப்பவர் யாருமில்லை. குறிப்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இந்திய அரசிதழில் இரண்டாம் பாகத்தின் முதல் பிரிவில் சட்டங்கள், இரண்டாம் பிரிவில் மசோதாக்கள், மூன்றாம் பிரிவில் விதிகளும் ஆணைகளும் அறிவிக்கைகளும் வருகின்றன. அறிவிக்கை எண்ணுக்கு முன் 'ஜி.எஸ்.ஆர்.' என்றிருந்தால் பொதுவான சட்டமுறை விதிகள், 'எஸ்.ஓ.' என்றிருந்தால் சட்டமுறை ஆணைகளும் அறிவிக்கைகளும். எண்ணுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது வழக்கமான இதழில் இல்லை, சிறப்பிதழில் இருக்கிறது என்று பொருள். இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் வாராந்திர இதழ்களில் மணிக்கணக்காகத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குழு அறிக்கை என்றால் முன்னுரையைத் தாண்டி ஆய்வு வரம்பைப் படியுங்கள். அரசு அந்தக் குழுவிடம் எதைக் கேட்டது, எதைக் கேட்கவில்லை என்பது அங்கேதான் இருக்கும். கேட்காத கேள்விக்குப் பதில் இல்லையென்று குழுவைக் குறை சொல்ல முடியாது. பிறகு நேராகக் கடைசிக்குப் போய் மாறுபட்ட கருத்துக் குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் உறுப்பினர் தனியாக எழுதிய நாலு பக்கம், மற்ற நானூறு பக்கத்தில் மழுப்பியதை வெளிச்சமாகச் சொல்லியிருக்கும். பின்னிணைப்புகளையும் விடாதீர்கள். சாட்சியங்கள், கேள்வித்தாள், மூல அட்டவணைகள் அங்கேதான் கிடைக்கும். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டுபவர்கள் இழப்பது இதைத்தான்.

புள்ளிவிவரத்துக்கு இன்னும் கூடுதல் நிதானம் வேண்டும். எண்ணைப் பார்ப்பதற்கு முன் தலைப்பு, அளவலகு, அடிக்குறிப்பு, சொல் வரையறை நான்கையும் பாருங்கள். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'எழுத்தறிவு பெற்றவர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஏதேனும் ஒரு மொழியில் புரிந்துகொண்டு எழுதப் படிக்கத் தெரிந்த, 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர் என்பது 1991 முதல் உள்ள வரையறை. அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் வயதுக் கோடு 5. எந்தக் கோட்டின்படி கணக்கிட்ட விழுக்காடு என்று பார்க்காமல் பழைய தொகுதியிலிருந்து ஒன்றும் புதிய தொகுதியிலிருந்து ஒன்றும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வளர்ச்சியோடு வரையறை மாற்றமும் கலந்துவிடும்.

தற்காலிக எண், இறுதி எண் என்ற வேறுபாடும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின் தற்காலிக மொத்தம் 121 கோடியே 1 லட்சத்து 93 ஆயிரத்து 422. இறுதி மொத்தம் 121 கோடியே 8 லட்சத்து 54 ஆயிரத்து 977. இரண்டும் அரசு வெளியிட்டவைதான், இரண்டும் நூலகத்தில் இருக்கும். ஆறரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசம். ஒரே எண்ணுக்கு இரண்டு கட்டுரைகள் சண்டை போட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். முதலில் வெளிவந்த மெல்லிய நூல் தற்காலிகம், பின்னால் வரும் தடித்த தொகுதிகளே இறுதி என்பது பொதுவான அடையாளம்.

படியெடுக்கும் உரிமை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க மத்திய அரசு அலுவலர்கள் பணியின் பகுதியாக ஆக்கியவற்றுக்கு அந்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. பிரிட்டனில் அரச பதிப்புரிமை உண்டு, ஆனால் 2010-இல் வந்த திறந்த அரசு உரிமத்தின் கீழ் பெரும்பாலானவற்றை மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். இந்தியச் சட்டம் 60 ஆண்டுப் பதிப்புரிமையை அரசுக்குத் தருகிறது. அரசிதழில் வந்தவை, அவையில் வைக்கப்பட்ட குழு அறிக்கைகள் போன்றவற்றை மறுபடி வெளியிடத் தடை விதிக்கப்பட்டிருந்தால் ஒழிய வெளியிடலாம் என்று விலக்கும் தருகிறது. படங்களும் வரைபடங்களும் வேறொருவர் சொத்தாக இருக்கலாம் என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நூலகத்துக்குக் கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டில் தெரிந்ததை எழுதிக்கொண்டு போங்கள். நாடு, வெளியிட்ட அமைச்சகம் அல்லது ஆணையம், ஏறத்தாழ எந்த ஆண்டு, செய்தியில் எந்தப் பெயரால் படித்தீர்கள், கண்ணில் பட்ட எண் ஏதாவது. தலைப்பு சரியாகத் தெரியாவிட்டால் பரவாயில்லை. செய்தி வந்த தேதி தெரிந்தால்கூடப் போதும், அதை வைத்து அவையில் வைக்கப்பட்ட ஏடுகளின் வரிசையைப் பார்த்து நூலகர் கண்டுபிடித்துத் தருவார். நூல் கிடைத்ததும், படிக்கத் தொடங்கும் முன், அந்த அலுவலகத்தின் முழுப் பெயரையும் வெளியீட்டு எண்ணையும் ஆண்டையும் தலைப்புப் பக்கத்தில் இருப்பது போலவே அந்தச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கட்டுரையின் அடிக்குறிப்பு அதுதான். அடுத்த முறை அதே நூலைக் கேட்கும்போது நேராக அலமாரிக்குப் போய்விடலாம்.